கடையில் தெரியாத குறை: ஈராக் போரில் சொந்தக் காசில் வாங்கிய தற்காப்புச் சாமான்கள்

2003 மார்ச்சில் அமெரிக்கப் படை ஈராக்கினுள் நுழைந்தபோது, அதன் சிப்பாய்கள் எல்லோருடைய மார்பிலும் ஒரே கவசம் இருக்கவில்லை. முன்வரிசைக் காலாட்படைக்கு ‘இன்டர்செப்டர்’ என்ற புதிய கவச உடை கிடைத்திருந்தது. கெவ்லார் இழையால் ஆன சட்டை, அதன் முன்னும் பின்னும் செருக இரண்டு பீங்கான் தகடுகள். சட்டை ஏறக்குறைய 3.8 கிலோ, தகடு ஒவ்வொன்றும் 1.8 கிலோ. ‘சாப்பி’ என்று சிப்பாய்கள் அழைத்த அந்தத் தகடு இருந்தால்தான் ஏகே-47 துப்பாக்கியின் குண்டு நிற்கும். வெறும் சட்டை கைத்துப்பாக்கிக் குண்டையும் வெடிச்சிதறலையும் தாங்கும், அவ்வளவுதான். லாரி ஓட்டுநர்கள், பழுது பார்ப்பவர்கள், தேசியக் காவல் படையிலிருந்து அழைக்கப்பட்டவர்கள் எனப் பலரிடம் 1980-களின் பழைய சட்டையே இருந்தது. அது சிதறலைத் தடுப்பதற்காக மட்டும் செய்யப்பட்டது.

போர்த் திட்டம் வகுத்தவர்கள் பின்வரிசை என்று ஒன்று இருக்கும் என நம்பியிருந்தார்கள். சாலையோர வெடிகுண்டுகள் வந்ததும் அந்த வரிசையே இல்லாமல் போயிற்று. தண்ணீர் லாரி ஓட்டுபவரும் காலாட்படை வீரரும் ஒரே ஆபத்தில் இருந்தார்கள். ஈராக்கில் இருந்த எல்லோருக்கும் தகட்டோடு கூடிய உடை போய்ச் சேர 2004 ஜனவரி ஆகிவிட்டது.

இடைப்பட்ட மாதங்களில் பெற்றோரும் மனைவியரும் கடை ஏறினார்கள். காவல்துறையினருக்குச் சாமான் விற்கும் கடைகள், வேட்டைக் கருவிக் கடைகள், இணைய ஏலத் தளங்கள் என்று தேடினார்கள். கவச உடையோடு முழங்கால் திண்டு, கண்ணாடி, காலணி, துப்பாக்கி வார், ஜிபிஎஸ் கருவி, வாக்கி டாக்கி எல்லாம் பார்சலில் போயின. இந்தப் பழக்கம் ஆப்கானிஸ்தானிலேயே தொடங்கிவிட்டது. அங்கே சிப்பாய்கள் சம்பளப் பணத்தில் சாமான் வாங்குவதைப் பார்த்துத்தான் தரைப்படை 2002-இல் ஒரு விரைவு வழங்கல் திட்டத்தை ஆரம்பித்தது. ஈராக்குக்கு அந்த வேகம் போதவில்லை. கடைசியில் 2004 அக்டோபரில், செனட்டர் கிறிஸ்டோபர் டாட் முன்னின்று வற்புறுத்திய ஒரு சட்டப் பிரிவு நிறைவேறியது. சொந்தக் காசில் பாதுகாப்புச் சாமான் வாங்கியவர்களுக்குப் பொருள் ஒன்றுக்கு 1,100 டாலர் வரை அரசு திருப்பித் தர வேண்டும். அதற்கான விதிகளை வெளியிடப் பென்டகனுக்கு மேலும் ஏறத்தாழ ஓர் ஆண்டு தேவைப்பட்டது. யுத்தம் தொடங்க எடுத்துக்கொண்ட காலத்தை இதனோடு ஒப்பிட எனக்கு விருப்பமில்லை.

மலிவானதை வாங்குவதா, தரமானதை வாங்குவதா என்ற விவாதத்துக்கு இந்த நான்கைந்து ஆண்டுகள் அரிய சான்று. வாங்கியவை எப்படி நடந்துகொண்டன என்பது பின்னால் ஆய்வகங்களிலும் நீதிமன்றங்களிலும் நாடாளுமன்றக் குழுக்களிலும் பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவுகளைப் பார்த்த பிறகு, விலைச்சீட்டைக் கொண்டு எதையும் தீர்மானிப்பது எனக்கு அசட்டுத்தனமாகத் தெரிகிறது. ஒரு சாமானின் குறையை அணிந்து பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா, அல்லது உயிர் போகும் கணத்தில்தான் தெரியவருமா என்ற கேள்வியே பணத்தை எங்கே செலவழிக்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறது.

நல்ல சட்டை, தவறான குண்டு

குடும்பங்கள் முதலில் வாங்கியவற்றுள் காவல்துறைக் கவச உடைகள் முக்கியமானவை. சில நூறு டாலர் விலை, நல்ல தையல், அமெரிக்க தேசிய நீதி நிறுவனத்தின் ‘மூன்று-ஏ’ தரச்சான்று. ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சான்றின் பொருள், 9 மில்லிமீட்டர் குண்டையும் .44 மேக்னம் குண்டையும் தாங்கும் என்பதுதான். நகரத்துத் தெருவில் கைத்துப்பாக்கி ஏந்திய திருடனை எதிர்கொள்ளும் காவலருக்கு அது போதும். ஏகே-47 குண்டு கைத்துப்பாக்கிக் குண்டைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில், கூர்முனையோடு வருகிறது. மென்கவசத்தை அது கிழித்துக்கொண்டு போய்விடும்.

இங்கே மலிவு, தரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பொருள் தரமானது, வேலைக்குப் பொருந்தாதது. அன்றைய சான்றில் ‘மூன்று’ அல்லது ‘நான்கு’ என்று இருந்தால் ஏகே-47 போன்ற நீள்துப்பாக்கிக் குண்டைத் தாங்கும் தகடு. ‘மூன்று-ஏ’ என்றால் கைத்துப்பாக்கிக்கு மட்டும். ஒரே ஓர் எழுத்து கூடினால் பாதுகாப்பும் கூடும் என்றுதானே எவரும் நினைப்பார்கள்? இந்தப் பெயரிடும் முறையை வகுத்தவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. சிதறலுக்கு எதிராக அந்தச் சட்டைகள் பயன்பட்டிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 1980-களின் உடையைவிட அவை மேல்.

விலை உயர்ந்தவை தோற்ற விதம்

காவல்துறைக் கவசத்திலேயே அப்போது உயர்ந்த ரகம் என்று விற்றது ஸைலான் இழையால் ஆனது. ஜப்பானின் டொயோபோ நிறுவனம் தயாரித்த அந்த இழை கெவ்லாரைவிட வலுவானது. அதனால் சட்டை மெல்லியதாகவும் எடை குறைந்ததாகவும் இருந்தது. அதை முன்னணியில் நின்று விற்றது மிச்சிகனின் ‘செகண்ட் சான்ஸ்’ நிறுவனம். அதன் நிறுவனர் ரிச்சர்ட் டேவிஸ், தாம் செய்த கவசத்தை அணிந்துகொண்டு தம்மையே சுட்டுக் காட்டிப் புகழ்பெற்றவர். இதைவிட நம்பிக்கையான விற்பனையாளர் யார் கிடைப்பார்?

2003 ஜூனில் பென்சில்வேனியாவின் ஃபாரஸ்ட் ஹில்ஸில் ஒரு காவலரின் ஸைலான் சட்டையைக் குண்டு துளைத்தது. அவர் காயத்தோடு தப்பினார். அதே மாதம் கலிபோர்னியாவின் ஓஷன்சைடில் ஸைலான் சட்டை அணிந்திருந்த இன்னொரு காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். நீதி நிறுவனம் ஆராய்ந்தது. பயன்பாட்டிலிருந்த 103 ஸைலான் சட்டைகளைச் சுட்டுச் சோதித்ததில் 60 சட்டைகளில் ஒரு குண்டாவது ஊடுருவியது. வெப்பமும் ஈரமும் வெளிச்சமும் அந்த இழையைச் சிதைத்திருந்தன. ஒரு காவலரின் சட்டைக்குள் வியர்வையும் உடற்சூடும் இல்லாமல் வேறு என்ன இருக்கும்? 2005 ஆகஸ்டில் ஸைலான் கவசங்களுக்கான சான்றுகளை நீதி நிறுவனம் விலக்கிக்கொண்டது. ‘செகண்ட் சான்ஸ்’ அதற்கு முன்பே, 2004-இல், திவால் ஆகியிருந்தது. அமெரிக்க அரசோடு நடந்த வழக்கை முடித்துக்கொள்ள டொயோபோ 66 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டது 2018-இல்.

அந்தச் சட்டைகள் புதிதாக இருந்தபோது சோதனையில் தேறியவை. வாங்கியவர் கையால் தடவிப் பார்த்தாலும் இழுத்துப் பார்த்தாலும் எதுவும் தெரிந்திருக்காது. தேறிய நாளுக்கும் சுடப்பட்ட நாளுக்கும் இடையில், எவர் கண்ணுக்கும் படாமல் அவை கெட்டுப்போயின.

இன்னொரு உதாரணம் ‘டிராகன் ஸ்கின்’. கலிபோர்னியாவின் பின்னக்கிள் ஆர்மர் தயாரித்த இந்தக் கவசத்தில் ஒற்றைத் தகட்டுக்குப் பதில் சிறு பீங்கான் வட்டுகள் மீன் செதில்போல் ஒன்றன்மீது ஒன்று அடுக்கி ஒட்டப்பட்டிருந்தன. உடலோடு வளையும், அதிகப் பரப்பை மூடும். ஏறத்தாழ 5,000 டாலர் என்று சொல்லப்பட்டது. இன்டர்செப்டர் தொகுதியின் விலை ஏறத்தாழ 1,500 டாலர். மூன்று மடங்கு விலை கொடுத்தால் மூன்று மடங்கு உயிர் என்று நம்ப நிறையப் பேர் தயாராக இருந்தார்கள். படை வேண்டுமென்றே சிறந்த கவசத்தை மறுக்கிறது என்ற குற்றச்சாட்டும் பரவியது.

2006 மார்ச்சில் தரைப்படை தனியார் கவசங்களை அணியக் கூடாது என்று தடை விதித்தது. மே மாதம் மேரிலாந்தின் ஓர் ஆய்வகத்தில் டிராகன் ஸ்கின்னைச் சோதித்தது. 48 சூடுகளில் 13 முழுமையாக ஊடுருவின என்று 2007 மே மாதம் அறிவித்தது. 49 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்தபோது பசை தளர்ந்து வட்டுகள் இடம் நகர்ந்தன. பாக்தாத்தின் கோடையில் அந்த வெப்பம் அபூர்வமல்ல. மிகப் பெரிய அளவு உடை 21 கிலோவைத் தாண்டியது. நிறுவனம் இந்த முடிவுகளை மறுத்தது. ஒரு தொலைக்காட்சி ஏற்பாடு செய்த சோதனை அதற்குச் சாதகமாக அமைந்தது. ஆனால் 2007 ஆகஸ்டில் தேசிய நீதி நிறுவனமும் அதன் சான்றைத் திரும்பப் பெற்றதோடு விவாதத்தின் சூடு தணிந்தது. இதில் மோசடி இருந்தது என்று நான் சொல்லவில்லை. அடிப்படை யோசனை சுவாரசியமானது. அது ஒட்டுப்பசையில் தோற்றது.

அப்படியானால் படை கொடுத்ததை மட்டும் நம்பினால் போதுமா? அதுவும் இல்லை. 2005 மே மாதம் மரைன் படை 5,277 இன்டர்செப்டர் சட்டைகளைத் திரும்ப அழைத்தது. சில தொகுப்புகள் சோதனையில் பின்தங்கியிருந்தும் ஏற்றுக்கொள்ளப்பட்டன என்பதை ஒரு பத்திரிகை வெளிக்கொண்டுவர இருந்த நேரம் அது. அவ்வாண்டின் பிற்பகுதியில் மேலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவை திரும்ப அழைக்கப்பட்டன. அவற்றைத் தயாரித்த பாயின்ட் பிளாங்க் நிறுவனத்தின் தாய் நிறுவனத் தலைவர் டேவிட் புரூக்ஸ் அந்த நவம்பரில் தம் மகளுக்கு நியூயார்க்கில் நடத்திய விழாவின் செலவு 10 மில்லியன் டாலர் என்று செய்தி வந்தது. பங்குதாரர்களை மோசடி செய்ததற்காக அவர் 2010-இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, பின்னர் 17 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். 2009-இல் தரைப்படையும் சோதனை முறையில் ஐயம் எழுந்ததால் 16,000-க்கும் மேற்பட்ட தகட்டுத் தொகுதிகளைத் திரும்ப அழைத்தது.

கவசத்தின் சிக்கல் இதுதான். சுட்டுப் பார்த்த தகட்டை அணிய முடியாது. அணியும் தகட்டைச் சுட்டுப் பார்க்க முடியாது. ஒரே உலையில், ஒரே நாளில் பிறந்த தகடுகளில் சிலவற்றை எடுத்துச் சுட்டுவிட்டு மிச்சத்தை நமக்கு விற்கிறார்கள். நாம் வாங்குவது சோதிக்கப்பட்ட தகட்டின் உடன்பிறப்பை. அந்த உடன்பிறப்பு உறவுக்கு ஆதாரம் தொகுப்பு எண் ஒன்றே. தொகுப்பு எண் இல்லாத தகடு 50 டாலருக்குக் கிடைத்தாலும் 5,000 டாலருக்குக் கிடைத்தாலும் அநாதைதான்.

நூறு டாலர் திண்டு

கவசத்தின் கதை இருண்டது. தலைக்கவசத்தின் கதை எனக்குப் பிடித்தது. தரைப்படைக்கு அப்போது வந்துகொண்டிருந்த புதிய தலைக்கவசத்தின் உட்புறத்தில் நுரைத் திண்டுகள் இருந்தன. பழைய தரைப்படைத் தலைக்கவசத்திலும் மரைன் படையின் தலைக்கவசத்திலும் தலையைச் சுற்றி வார்கள் மட்டும் இருந்தன. குண்டைத் தடுப்பதில் ஓடு தன் வேலையைச் செய்தது. வண்டிக்கு அடியில் குண்டு வெடித்துத் தலை உலோகச் சுவரில் மோதும்போதுதான் வித்தியாசம் தெரிந்தது. வார் அந்த மோதலை அப்படியே மண்டைக்குக் கடத்தும்; திண்டு அமுங்கி வாங்கிக்கொள்ளும். ஈராக்கின் அடையாளக் காயமாகப் பின்னர் பேசப்பட்ட மூளை அதிர்வுக்கும் இதற்கும் உள்ள தொடர்பைச் சொல்லத் தேவையில்லை.

டெக்சாஸைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர் ராபர்ட் மீடர்ஸின் பேரன் மரைன் படையில் இருந்தார். தாத்தா தலைக்கவசத்தைப் பற்றி விசாரித்தார். 2004-இல் ‘ஆபரேஷன் ஹெல்மெட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். 100 டாலருக்குள் அடங்கும் ஒரு திண்டுத் தொகுதியைப் பழைய தலைக்கவசத்துக்குள் ஒட்டிக்கொள்ளலாம். நன்கொடை திரட்டி ஆயிரக்கணக்கில் அனுப்பினார். ‘ஷேர்’ என்ற பெயர் கொண்ட புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகியும் பணம் கொடுத்தார். 2006 ஜூனில் நாடாளுமன்றத் துணைக்குழு விசாரணைக்கு மீடர்ஸோடு வந்து பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தார். கேமராக்கள் யாருக்காக வந்தன என்பது இருவருக்கும் தெரிந்திருக்கும். அந்த ஆண்டே மரைன் படையும் திண்டுக்கு மாறத் தீர்மானித்தது.

புதிய தலைக்கவசம் வாங்க எவருக்கும் வசதி இருக்கவில்லை, வாங்கவும் தேவைப்படவில்லை. சோதிக்கப்பட்ட ஓடு ஏற்கெனவே தலையில் இருந்தது. குறை எங்கே என்று கண்டுபிடித்த பிறகு, அந்த இடத்தில் மட்டும் பணம் போடப்பட்டது. சிக்கனம் என்பதற்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு இந்தப் பதிவுகளில் எனக்குக் கிடைக்கவில்லை.

மலிவின் உச்சமும் இதே காலத்தில்தான் நடந்தது. குழந்தைகள் பிறந்தநாள் விழாவில் பீய்ச்சும் நுரைநூல் டப்பாக்களைச் சிப்பாய்களின் குடும்பங்கள் பெட்டி பெட்டியாக அனுப்பின. சந்தேகத்துக்குரிய அறைக்குள் நுழையும் முன் அதைப் பீய்ச்சுவார்கள். நூல் தரையில் விழுந்தால் பாதை வெறுமை. அந்தரத்தில் தொங்கினால் அங்கே வெடிகுண்டின் கண்ணுக்குத் தெரியாத கம்பி இருக்கிறது. கம்பியை இழுத்து வெடிக்கச் செய்யும் கனம் அதற்கு இல்லை. சில டாலர் பெறும் ஒரு விளையாட்டுச் சாமானைவிட அந்த வேலைக்குப் பொருத்தமான எதையும் அப்போது எவரும் கொடுக்கவில்லை.

அணிந்தாலே தெரிபவை, தெரியாதவை

காலணி கடித்தால் முதல் நாளிலேயே தெரியும். முழங்கால் திண்டு சரிந்தால் தெரியும். பையின் ஜிப் சிக்கினால் தெரியும். இவற்றுக்கெல்லாம் பயிற்சியிலேயே தீர்ப்பு கிடைத்துவிடும். தவறானால் வேறு வாங்கலாம். படை கொடுத்த ‘மோலி’ முதுகுப்பையின் முதல் பிளாஸ்டிக் சட்டகமே உடைந்து, பிறகு வடிவமைப்பை மாற்றினார்கள். 1970-களின் ‘ஆலிஸ்’ பைகள் உபரிக் கடைகளில் சொற்ப விலைக்குக் கிடைத்தன. கனமானவை, அழகற்றவை, ஆனால் நைலான் துணியும் தையலும் உறுதியானவை. தோட்டாப் பை வாங்குகிறவர் பட்டை இணையும் இடங்களில் நெருக்கமான குறுக்குத் தையல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். தொழிற்சாலை எங்கே மிச்சம் பிடித்திருக்கிறது என்பதை அந்த இடமே சொல்லிவிடும்.

இந்த வரிசையில் சேர்ந்ததுபோல் தோன்றி, உண்மையில் சேராத இரண்டு பொருள்கள் உண்டு. முதலாவது கண்ணாடி. கறுப்புக் கண்ணாடிகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுதான். தொழிற்சாலைப் பாதுகாப்புக் கண்ணாடிக்கான அமெரிக்கத் தரத்தின் உயர் மோதல் பிரிவு, 6.35 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 46 மீட்டர் வேகத்தில் மோதினால் தாங்க வேண்டும் என்கிறது. படையின் தரம் 3.8 மில்லிமீட்டர் சிதறலை நொடிக்கு 195 மீட்டர் வேகத்தில் எய்து பார்க்கிறது. 150 டாலர் அலங்காரக் கண்ணாடிக்கு இந்த இரண்டில் எதுவும் இல்லாமல் இருக்கலாம். இரும்புக்கடையில் பத்து டாலருக்கு விற்கும், ‘இசட்87+’ என்று சட்டகத்தில் பொறித்த கண்ணாடிக்கு முதலாவது இருக்கும். கையில் காசு குறைந்தவருக்கு அந்த எழுத்துப் பொறிப்பே வழிகாட்டி. காசு இருப்பவருக்குப் படைத் தரக் கண்ணாடி நூறு டாலரை ஒட்டிக் கிடைத்தது. கண்ணைப் பொறுத்தவரை நான் இரண்டாவதையே வாங்கச் சொல்வேன்.

இரண்டாவது பனியன். பாலைவன வெயிலில் வியர்வையை உறிஞ்சி உலர்த்தும் விளையாட்டு வீரர் பனியன்கள் சிப்பாய்களுக்கு மிகவும் பிடித்திருந்தன. பருத்தியைவிடப் பல மடங்கு விலை, தரமான தயாரிப்பு, உடலுக்குச் சுகம். 2006 ஏப்ரலில் ஈராக்கிலிருந்த மரைன் தளபதிகள் முகாமுக்கு வெளியே அவற்றை அணியத் தடை விதித்தார்கள். வெடிப்பின் தீயில் பாலியெஸ்டரும் நைலானும் உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டு, தீக்காயத்தை மோசமாக்கின. பருத்தி கருகும், உருகாது. படை இலவசமாகக் கொடுத்த சாதாரணப் பருத்திப் பனியன் இங்கே வென்றது. அணிந்து பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் யாருக்கும் இது தெரிய வாய்ப்பில்லை, ஏனென்றால் சுகம் என்ற அளவுகோல் தீயைப் பற்றி எதுவும் சொல்லாது.

இருபது டாலர் பட்டை

கையோ காலோ சிதைந்து தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். அதற்கு மேலே ஒரு பட்டையைச் சுற்றிக் குச்சியால் முறுக்கி இறுக்கினால் இரத்தம் நிற்கும். டூர்னிக்கெட் என்ற அந்தச் சாமான் பழையது. கால் அழுகிவிடும் என்ற பயத்தால் நெடுங்காலம் கடைசி வழியாகவே ஒதுக்கப்பட்டிருந்தது. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் உள்ள தரைப்படை அறுவை ஆராய்ச்சி நிறுவனம் பலவகைப் பட்டைகளைத் தன்னார்வலர்களின் உடலில் கட்டிப் பார்த்தது. எல்லாம் தேறவில்லை. தேறியவற்றுள் ஒன்று ‘கேட்’. ஏறத்தாழ 38 மில்லிமீட்டர் அகலம், 80 கிராமுக்கும் குறைந்த எடை, ஒற்றைக் கையால் கட்டிக்கொள்ளலாம். இத்தகைய பட்டையின் விலை அன்று 20 டாலரை ஒட்டி இருந்தது. போர் தொடங்கி இரண்டு ஆண்டுகள் கழித்தும் அது எல்லாச் சிப்பாய்களுக்கும் கிடைக்கவில்லை என்று 2005 மார்ச்சில் பால்டிமோர் சன் நாளிதழ் எழுதிய பிறகே பரபரப்பு எழுந்தது.

பாக்தாத் மருத்துவமனை ஒன்றில் 2006-இல் டூர்னிக்கெட் கட்டப்பட்டவர்களை ஆராய்ந்த மருத்துவர்கள் கண்டது இது: இரத்த இழப்பால் உடல் அதிர்ச்சி நிலைக்குப் போகும் முன் கட்டப்பட்டவர்களில் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள், அதன் பின் கட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். நான் பார்த்தவரை, செலவழித்த டாலருக்கு இவ்வளவு உயிரைத் திருப்பித் தந்த சாமான் இந்தப் போரில் வேறில்லை.

அதனால்தான் போலிகளும் வந்தன. தொடக்கத்தில் பிளாஸ்டிக் குண்டு விளையாட்டுக்காரர்களின் வேடப் பொருளாக ஹாங்காங்கிலிருந்து வந்த நகல்கள், விரைவிலேயே உண்மையான மருத்துவப் பைகளுக்குள் புகுந்தன. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை எச்சரிக்க வேண்டியிருந்தது. அதே கறுப்பு, அதே வடிவம், அதே ‘நேரம்’ எழுதும் வெள்ளைப் பட்டை, சிலவற்றில் அசல் நிறுவனத்தின் பெயரும்கூட. வித்தியாசம் முறுக்குக் குச்சியில். அசலில் இறுக்கத்தைத் தாங்கும் கெட்டிக் குச்சி. நகலில் வளைந்தோ உடைந்தோ போகும் பிளாஸ்டிக். தொடையில் தமனியை அடைக்கத் தேவைப்படும் கடைசி அரைச் சுற்றில்தான் அது வளையும். கடையில், மேசைமேல், மணிக்கட்டில் சும்மா கட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே நடக்கும். பாதி இறுகிய பட்டை கட்டாத பட்டையைவிடக் கெடுதல்: சிரையை மட்டும் அடைத்து, தமனியைத் திறந்துவைத்து, இரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

2022-இல் உக்ரைனுக்கு உதவி குவிந்தபோது இதே கதை பெரிய அளவில் நடந்தது. நல்ல மனத்தோடு பணம் திரட்டியவர்கள், முப்பது டாலர் அசலுக்குப் பதில் அதில் சிறு பங்கு விலையுள்ள நகல்களை அதிக எண்ணிக்கையில் வாங்கி அனுப்பினார்கள். உக்ரைன் மருத்துவர்கள் அவற்றை வேண்டாம் என்று பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார்கள். இதற்கு நேர்மாறான முயற்சி காஸாவில் நடந்தது. கனடிய மருத்துவர் தாரிக் லூபானியின் ‘க்லியா’ திட்டம், முற்றுகையால் அசல் கிடைக்காத இடத்தில் முப்பரிமாண அச்சில் டூர்னிக்கெட் உறுப்புகளைச் செய்தது. உடைந்ததைத் திருத்தி, வரைபடங்களை எல்லோருக்கும் திறந்து வைத்தது. விலையில் அதுவும் மலிவுதான். ஹாங்காங் நகலுக்கும் அதற்கும் உள்ள தூரம், ஒருவர் தம் பொருள் உடையும் இடத்தைத் தேடினார், இன்னொருவர் அதை மறைத்தார் என்பதில் இருக்கிறது.

கணக்கு

2004-இல் ஈராக்குக்குப் போகும் பிள்ளைக்கு 500 டாலர் மட்டும் செலவழிக்க முடிந்த ஒரு குடும்பத்துக்கு இன்று நான் பட்டியல் போட்டால், கவசத் தகட்டில் தொடங்க மாட்டேன். தகட்டைப் படையிடமே விடாப்பிடியாகக் கேட்டு வாங்க வேண்டும். தொகுப்பு எண்ணைக் கண்காணிக்கும் சக்தி படைக்கு மட்டும்தான் இருந்தது, அதுவே சறுக்கியது என்றாலும். ஓராண்டு முன்பு, படையிடமே போதிய தகடு இல்லாத 2003-இல் இதே கேள்வி வந்திருந்தால் பதில் வேறு. அப்போது மொத்தப் பணத்தையும் சான்றும் தொகுப்பு எண்ணும் உள்ள ‘மூன்று’ அல்லது ‘நான்கு’ தரத் தகட்டில் போட்டு, அதைச் செருகும் உறையைப் பழைய உபரிக் கடையில் எடுக்கச் சொல்வேன். உறை கிழிந்தால் தைக்கலாம்.

இப்போது தனியார் சந்தையில் பாதி விலைக்கு விற்கும் எஃகுத் தகடுகள் நடுவில் நிற்கும் விவகாரம். அவை கீழே விழுந்தால் பீங்கான்போல் விரிசல் விடாது, ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஆனால் மோதிய குண்டு சிதறித் தொண்டைக்கும் தாடைக்கும் பாயும், எடை கூடுதல், அதிவேகமான சிறு குண்டுகள் சில வகை எஃகைத் துளைத்துவிடுகின்றன. மேலே சிதறல் தடுக்கும் பூச்சுக்கும் பணம் கொடுத்த பிறகு மிச்சம் பிடித்தது என்ன என்று கேட்க வேண்டியிருக்கிறது.

2004 குடும்பத்தின் 500 டாலருக்குத் திரும்பினால், நூறு டாலர் தலைக்கவசத் திண்டுக்கு, அதற்குக் கொஞ்சம் குறைவாகப் படைத் தரக் கண்ணாடிக்கு. பனியனுக்கு ஒன்றும் தேவையில்லை, பருத்தி போதும். முழங்கால் திண்டு, பை, வார் எல்லாம் மலிவில், முடிந்தால் பழையதாகவே. டூர்னிக்கெட் மட்டும் தயாரிப்பாளரிடமிருந்தோ அவர் பெயர் குறிப்பிட்ட விற்பனையாளரிடமிருந்தோ மூன்று. இரண்டு உடலில், ஒரு கைக்கு எட்டாவிட்டால் மறு கைக்கு எட்டும் இடங்களில். மூன்றாவது வீட்டிலும் முகாமிலும் கட்டிக் கட்டிப் பழகுவதற்கு. பலமுறை முறுக்கிய பட்டை நைந்துபோகும். அதைப் போருக்கு எடுத்துச் செல்லக் கூடாது. தயாரிப்பாளரே பயிற்சிப் பட்டையை நீல நிறத்தில் தனியாக விற்கிறார். கறுப்பையே வாங்கிப் பழகினால், அதன்மேல் பெயின்டால் பட்டையாக ஒரு கோடு இழுத்துவிட வேண்டும்.